படூரிலிருந்து புறப்படுங்கள்: சிறு அருங்காட்சியகங்களைப் பார்க்கும் முறை

படூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வடக்கே போனால் சென்னைக் கோட்டை, தெற்கே மாமல்லபுரம், கிழக்கே கழியைத் தாண்டினால் முட்டுக்காடு. இந்த மூன்று பக்கமும் ஒரே கலைக்காகவோ, ஒரே தொழிலுக்காகவோ, ஒரே வகைப் பொருளுக்காகவோ அமைந்த சிறு அருங்காட்சியகங்கள் உள்ளன. ஒன்றில் வீடுகள், இன்னொன்றில் ஓவியங்கள், வேறொன்றில் சங்கும் சிப்பியும். பக்கத்திலேயே இருந்தும் பலர் வெளியூர் விருந்தினர் வந்தால்தான் இவற்றின் பக்கம் போகிறார்கள். அதுவும் ஒரே நாளில் நான்கு இடம் என்று ஓடுகிறார்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற பெரிய இடத்தைப் பார்க்கும் முறை வேறு, சிறிய இடத்தைப் பார்க்கும் முறை வேறு. பெரிய இடத்தில் கண்ணில் பட்டதைப் பார்த்துக்கொண்டே நடந்தால்கூட ஏதாவது மனதில் நிற்கும். சிறிய இடத்தில் அப்படி நடந்தால் இருபது நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுவீர்கள், "அவ்வளவுதானா?" என்று தோன்றும். ஒரு கேள்வியோடு உள்ளே போய், அங்கிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பவருக்குத்தான் சிறிய அருங்காட்சியகம் தன்னிடம் உள்ளதைக் காட்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அதற்கான வழிதான்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அரை நாளுக்கு ஓர் அருங்காட்சியகம் போதும். இரண்டாவது இடம் சேர்ப்பதாக இருந்தால் அது முதல் இடத்துக்குப் போகும் சாலையிலேயே இருக்க வேண்டும்.

2. வார விடுமுறையைப் பாருங்கள். அதிகமானோர் ஏமாறுவது இதில்தான். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை. பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. எல்லா இடத்துக்கும் திங்கள்தான் விடுமுறை என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கோட்டைக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும்.

3. முதல் நாள் தொலைபேசியில் கேளுங்கள். தனியார் அறக்கட்டளை நடத்தும் இடங்களில் ஏதாவது ஒரு பகுதி பராமரிப்புக்காக மூடியிருக்கலாம். பள்ளிக் குழந்தைகள் பேருந்து பேருந்தாக வரும் நாளாகவும் இருக்கலாம். "நாளைக்குத் திறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "நாளைக்கு எந்தப் பகுதியாவது மூடியிருக்குமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்களா?" என்றும் கேளுங்கள்.

4. ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "தென்னிந்தியப் பண்பாடு எப்படிப்பட்டது?" என்ற அளவுக்குப் பெரிய கேள்வி பயன்படாது. "மழைத் தண்ணீரை இந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?" என்பது நல்ல கேள்வி. கண்ணால் பார்த்தே பாதி பதிலைக் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும்.

5. பையில் தண்ணீர் பாட்டில், சிறு நோட்டு, பென்சில், தொப்பி, சில்லறைப் பணம், அரசு அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மாணவர்கள் கல்லூரி அட்டையையும் எடுத்துப் போக வேண்டும். பல இடங்களில் மாணவர் கட்டணம் தனி. ஓவியங்களுக்குப் பக்கத்தில் மைப் பேனாவை எடுக்காதீர்கள். அதனால்தான் பென்சில் என்றேன்.

கழியை எங்கே தாண்டுவது

வரைபடத்தைப் பார்த்தால் படூருக்கு நேர் கிழக்கே, கைக்கெட்டும் தூரத்தில் கடற்கரைச் சாலை இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஓ.எம்.ஆர். என்னும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இ.சி.ஆர். என்னும் அந்தக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழியும் கிடக்கின்றன. படூர்க்காரர் நம்பிப் போகக்கூடிய குறுக்குச் சாலைகள் இரண்டு.

முதலாவது, தெற்கே கேளம்பாக்கம் போய் அங்கே இடப்புறம் திரும்பிக் கோவளம் சேரும் சாலை. தட்சிணசித்ராவுக்கு இதுதான் வழி. கோவளத்தில் இ.சி.ஆரைத் தொட்டதும் மறுபடி இடப்புறம், அதாவது சென்னைப் பக்கம் திரும்ப வேண்டும். வழியில் கேளம்பாக்கம் உப்பளங்களும் கழியும் வரும். குளிர்காலக் காலையில் போனால் நீரில் பறவைகள் நிற்பதைப் பார்க்கலாம். பார்க்க ஆசைப்பட்டால் வண்டியைச் சாலையோரத்தில் நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, வடக்கே சோழிங்கநல்லூர் போய், அங்கிருந்து அக்கரைக்குப் போகும் இணைப்புச் சாலை. சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு இந்த வழி. சோழிங்கநல்லூர் சிக்னலில் மாலை நெரிசல் கடுமையாக இருக்கும். ஐந்து மணிக்கு மேல் திரும்புவதானால் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துக்குக் கழியைத் தாண்டவே வேண்டாம். ஓ.எம்.ஆரிலேயே தெற்கே திருப்போரூர் வழியாகப் பூஞ்சேரி போய்ச் சேரலாம்.

பேருந்தில் போகிறவர்கள் கேளம்பாக்கத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்துகள் உண்டு. இவை கோவளத்திலிருந்து தெற்கே திரும்பிவிடும். ஆகவே தட்சிணசித்ராவுக்குப் போகிறவர்கள் கோவளத்தில் இறங்கி, சென்னை நோக்கிப் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஏறும் முன் நடத்துநரிடம் "முட்டுக்காடு தட்சிணசித்ரா நிற்குமா?" என்று கேட்டுவிடுங்கள். எல்லா வண்டியும் எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை.

எச்சரிக்கை: இ.சி.ஆரில் வண்டிகள் மிக வேகமாக வரும். சாலையின் எதிர்ப்பக்கத்தில் இறங்க நேர்ந்தால் நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கொஞ்சம் நடந்தாலும் சரி, திறப்பு உள்ள இடத்துக்குப் போய், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் எதிர்த்திசையில் ஓட்டிக் குறுக்கு வழி தேடக் கூடாது. அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்புங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

தட்சிணசித்ரா: வீடுகளே காட்சிப் பொருள்கள்

முதல் பயணத்துக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான். படூருக்குப் பக்கம் என்பது ஒரு காரணம். பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்தக் கடற்கரையில் இல்லை என்பது முக்கியமான காரணம்.

1984-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. முட்டுக்காட்டில் சுமார் 10 ஏக்கரில் அமைந்த இந்த இடம் 1996 டிசம்பர் 14-இல் திறக்கப்பட்டது. முதல் வடிவமைப்பு, உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு சிக்கனமாகக் கட்டிப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. பென்னி குரியாகோஸ் அந்தப் பணியைத் தொடர்ந்தார். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளில் இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, கதவு, தூண், உத்தரம் என்று பிரித்து, இங்கே கொண்டுவந்து அந்தந்த ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 18 வீடுகள் இருக்கின்றன.

பலர் செய்யும் தவறு, பதினெட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பது. நான்கு வீடுகள் போதும். கீழே சொல்லும் முறையில் பாருங்கள்.

1. காலை 10 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். இது திறந்தவெளி. பத்திலிருந்து பன்னிரண்டு வரை நடக்கலாம். அதற்குமேல் வெயில் உறைக்கும்.

2. டிக்கெட் வாங்கும் இடத்திலேயே வளாகத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு என்னென்ன செய்து காட்டுகிறார்கள், எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். மண்பாண்டம் வனைவது, நெசவு, ஓலைப் பின்னல் போன்றவை எல்லா நேரத்திலும் நடப்பதில்லை. அந்த நேரங்களை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு வீடுகளுக்கான நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் ஊருக்கு மிக நெருக்கமான வீட்டை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் தொடங்கினால் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகலாம்.

4. வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உடனே உள்ளே நுழையாதீர்கள். திண்ணையின் உயரம், கூரையின் சரிவு, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்த பிறகு உள்ளே போங்கள்.

5. உள்ளே போனதும் மேலே பாருங்கள். உத்தரம், ஓடு, வெளிச்சம் விழும் இடம். பிறகு கீழே பாருங்கள்: தரை, முற்றம், தண்ணீர் வெளியேறும் வாய். கடைசியாகத்தான் சுவரில் மாட்டியிருக்கும் விளக்கப் பலகையைப் படிக்க வேண்டும். பலகையை முதலில் படித்துவிட்டால் கண் சோம்பிவிடும்.

மழைத் தண்ணீர் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இங்கே என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கும் ஓ.எம்.ஆர். பகுதி மக்களுக்கு இது வெறும் வரலாறு இல்லை.

கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீட்டின் முன் நின்று கூரையைப் பாருங்கள். செங்குத்தான ஓட்டுச் சரிவு; சுவரைத் தாண்டி நீண்டு கீழே இறங்கியிருக்கும் இறவாரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் நாட்டில் தண்ணீர் ஒரு நொடிகூடக் கூரையில் தங்கக் கூடாது, சுவரிலும் படக் கூடாது. நிறைய மரம் கிடைக்கும் ஊர் என்பதால் சுவர், கூரை, நெல் சேமிக்கும் இடம் என்று எங்கும் மரவேலை. மரத்தைக் காப்பாற்றுவதற்கே அந்த இறவாரம்.

அங்கிருந்து நேராக வட கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டுக்குப் போங்கள். கல் சுவர், தட்டையான கூரை. பாகல்கோட்டைப் பக்கத்து மழை, கேரள மழையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மழை குறைவு என்றால் சரிவு எதற்கு? வெயில்தான் அங்கே எதிரி. தடித்த சுவரில் கையை வைத்துப் பார்த்தால் குளுமை தெரியும். நண்பகலில் இந்த வீட்டுக்குள் இருக்கும்படி திட்டமிட்டுக்கொண்டால் அந்தச் சுவர் எதற்காக அத்தனை தடிமன் என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

மூன்றாவதாக, ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடு. மழை புயலோடு சேர்ந்து வரும் வங்கக் கடற்கரையில் மண்ணாலும் ஓலையாலும் கட்டியது. வட்டச் சுவரில் காற்று மோத மூலை இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே வங்கக் கடற்கரையில்தான் நாமும் இருக்கிறோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை நினைத்துக்கொண்டு இந்த வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

நான்காவதாகச் செட்டிநாட்டு வணிகர் வீடு. தேக்குத் தூண்களும் கதவுச் செதுக்கல்களும் எல்லாரையும் இழுக்கும். நீங்கள் முற்றத்துக்குப் போங்கள். நாலாபக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருப்பதைப் பாருங்கள். கேரள வீடு தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அந்த அளவு மழை இல்லாத காரைக்குடிச் சீமையின் வீடு அதை உள்ளே வரவேற்கிறது. ஒரே கேள்விக்கு நான்கு ஊர்கள் நான்கு பதில் சொல்லியிருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர் அக்ரகாரத்து வீடும் இங்கே இருக்கிறது. நேரம் இருந்தால் அதில் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நீளமான அமைப்பைப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள்.

குறிப்பு: எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். மே மாதத்தில் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும் என்பதால் காலுறையும் கையோடு இருக்கட்டும். பழைய வீடுகளின் நிலைவாசல் தாழ்வாக இருக்கும், வாசற்படி உயரமாக இருக்கும். தலை குனிந்து, கால் தூக்கி நுழையுங்கள். மழைக்காலத்தில் கல் தரை வழுக்கும். முதியவர்களை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கைவினைஞர் வேலை செய்யும் இடத்தில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பது மரியாதையில்லை. அவரிடம் வாங்க ஏதாவது இருந்தால், சிறியதாக இருந்தாலும், வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

சோழமண்டலம்: ஓவியத்தின் முன் எப்படி நிற்பது

ஈஞ்சம்பாக்கத்தில், இ.சி.ஆர். ஓரத்திலேயே இருக்கிறது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் இந்தக் கிராமத்தை உருவாக்கினார்கள். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாடிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அப்படித் தங்கள் கைக் காசில் ஓவியர்கள் கட்டிய ஊர் இன்றும் நிற்கிறது என்பதற்காகவே ஒருமுறை போக வேண்டும். சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009-இல் இங்கே திறக்கப்பட்டது.

நவீன ஓவியம் புரியாது என்று தயங்குகிறவர்களுக்கான முறை இது:

1. முதலில் தோட்டத்துச் சிற்பங்களைச் சுற்றி வாருங்கள். கல்லையும் உலோகத்தையும் பார்க்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

2. உள்ளே ஒரு சுற்று நிற்காமல் நடந்து, மறுபடி பார்க்கத் தோன்றும் மூன்று படங்களை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. அந்த மூன்றுக்கும் திரும்பிப் போய், ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். "இது என்ன?" என்று கேட்காமல், "இதில் எனக்குத் தெரிந்த பொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று தேடுங்கள். பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் வரிசைப் படங்களில் ஜாதகக் கட்டங்களையும், எழுத்துப் போலத் தோன்றும் கோடுகளையும் காண்பீர்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஜாதக நோட்டைப் பார்த்த கண்ணுக்கு அவை அந்நியமாக இருக்காது.

4. கே. ராமானுஜத்தின் கோட்டோவியம் காட்சியில் இருந்தால் அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். இந்தக் கிராமத்தில் வாழ்ந்து, முப்பதுகளின் தொடக்கத்திலேயே 1973-இல் மறைந்தவர். கோபுரமும் மாடமும் விசித்திர விலங்குகளுமாக அவர் வரைந்த கனவு நகரங்களில் ஒவ்வொரு அங்குலத்திலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

இங்கே தொடக்கூடாது என்ற விதி கண்டிப்பானது. விரலின் எண்ணெய்ப் பசை ஓவியத்தில் படிந்தால் போகாது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது படத்தில் இடிப்பது பெரும்பாலும் பைதான். ஓவியர்களின் குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளும் வளாகத்தில் உண்டு. கதவு திறந்திருந்தாலும் அழைக்காமல் நுழையக் கூடாது.

மாமல்லபுரம்: சங்கும் விளக்கும்

கல்ரதங்களைப் பார்க்க வரும் கூட்டம் கவனிக்காமல் போகும் இரண்டு இடங்கள் இங்கே உண்டு.

ஒன்று, கலங்கரை விளக்கமும் அதையொட்டிய சிறு அருங்காட்சியகமும். கல்லால் கட்டிய இப்போதைய கோபுரம் 1904-இலிருந்து எரிகிறது. அதற்கு முன்பு, பக்கத்துப் பாறை உச்சியில் இருக்கும் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல்தான் விளக்கு வைத்திருந்தார்கள். முதலில் கீழே அருங்காட்சியகத்தில் பழைய விளக்குகளையும் கண்ணாடி வில்லைகளையும் பாருங்கள். பிறகு மேலே ஏறுங்கள். ஒரு சிறிய சுடரின் வெளிச்சத்தைக் கண்ணாடி எப்படிக் குவித்துக் கடலுக்கு அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டு ஏறினால் உச்சியில் பார்ப்பது விளங்கும். படிக்கட்டு குறுகல், ஏறுபவரும் இறங்குபவரும் ஒதுங்கித்தான் போக வேண்டும். மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது. உச்சியில் குழந்தையைத் தூக்கி விளிம்புக்கு மேலே காட்டாதீர்கள்.

இன்னொன்று, சிப்பி அருங்காட்சியகம். 40,000-க்கும் மேற்பட்ட சங்கு, சிப்பி, சோழி வகைகளின் சேகரிப்பு. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். இங்கே போகும்போது ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வலம்புரிச் சங்கை அடையாளம் காணக் கற்றுக்கொண்டு வாருங்கள். வலம்புரி என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கி ஏமாற்றுவது இன்னும் நடக்கிறது.

1. சங்கின் சுருள் உள்ள கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் திறந்தால் சாதாரணச் சங்கு. இடக்கைப் பக்கம் திறந்தால்தான் வலம்புரி.

2. இடப்பக்கம் திறந்திருப்பது மட்டும் போதாது. அமெரிக்கக் கடற்கரையில் கிடைக்கும் ஒருவகை நத்தையின் ஓடு இயல்பாகவே இடப்பக்கம் திறந்திருக்கும். அதைத்தான் பலர் வலம்புரி என்று விற்கிறார்கள்.

3. வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடல் சங்கில் அந்தத் தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரப்பு வரப்பாக இருக்கும். அமெரிக்க நத்தை ஓட்டில் அந்த மடிப்புகள் இருக்காது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வைத்து இந்த மூன்றையும் இரண்டு மூன்று முறை பழகிக்கொண்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது.

எச்சரிக்கை: நாட்டிலஸ் கூடு, பெரிய ட்ரைட்டன் சங்கு, ராட்சதச் சிப்பி போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கடற்கரையில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். வாங்கியவர் மேலும் வழக்கு வரும். உயிரோடு இருக்கும் கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. அந்த நத்தைக்கு நச்சு ஊசி உண்டு. சில வகைகளின் நஞ்சு மனிதரைக் கொல்லும். அருங்காட்சியகம் முடிந்ததும் பிள்ளைகள் கடலுக்கு ஓடுவார்கள். மாமல்லபுரத்தில் அலை இழுப்பு அதிகம். கணுக்கால் நனைய நின்றால் போதும்.

சென்னைக்குள் போவதானால்

இதற்கு ஒரு முழு நாள் வேண்டும். ஓ.எம்.ஆர். பேருந்தில் டைடல் பார்க் வரை போய், திருவான்மியூர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். பாரிமுனை வரை பேருந்திலேயே உட்கார்ந்திருப்பதைவிட இது களைப்பில்லாத வழி.

கோட்டை அருங்காட்சியகம் 1948 ஜனவரி 31-இல் திறக்கப்பட்டது. தலைமைச் செயலக வளாகத்துக்குள் இருப்பதால் காவலர் சோதனை உண்டு; அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். நாணயம், பீங்கான், துப்பாக்கி என்று எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். 1947 ஆகஸ்டு 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியை நேராகப் போய்ப் பாருங்கள். நிறம் மங்காமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். வெளியே வந்ததும், 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது.

எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021 செப்டம்பரில் திறக்கப்பட்ட காவல்துறை அருங்காட்சியகம் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம் படூரிலிருந்து தூரம். ரயில் பைத்தியம் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் போங்கள். 1895-இல் செய்த ஃபவுலர் நீராவி இயந்திரத்தைத் தொட்டடுத்து நின்று பார்க்கலாம்.

அங்கிருப்பவர்களிடம் பேசுவது

சிறு அருங்காட்சியகத்தின் உண்மையான வழிகாட்டி, அறையின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பணியாளர்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் அவரிடம் கழிப்பறைக்கு வழி மட்டும்தான் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்தப் பொருள்களோடு இருப்பவர் அவர்.

"வணக்கம் அண்ணா, இந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று தொடங்குங்கள். பெண் ஊழியரானால் அக்கா, மூத்தவரானால் ஐயா, அம்மா. அவர் காட்டியதைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நீங்கள் சொன்னதைப் பார்த்தேன். இது எந்த ஊரிலிருந்து வந்தது? யார் செய்தது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பேச்சு திறக்கும். பலகையில் இல்லாத செய்தி அப்போதுதான் வரும். மேசை மீது புத்தகத்தை விரித்துவைத்து வாத்தியார் போலக் கேள்வி கேட்காதீர்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில் அவர் வேலையைத் தடுக்கவும் கூடாது.

குழந்தைகளோடு போகும்போது

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் இழுத்தால் அருங்காட்சியகம் என்ற சொல்லையே வெறுப்பார்கள். நோட்டும் பென்சிலும் அவர்கள் கையில் கொடுத்து, ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். கைப்பேசியில் நூறு படம் எடுப்பதைவிட, கோணலாக வரைந்த ஒரு கதவுப்பூட்டு அவர்கள் நினைவில் நிற்கும். வரைய வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும் அல்லவா?

வெயில் காலத்தில் பிள்ளைகள் தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். தலைவலி, குமட்டல், முகம் சிவந்து சூடாக இருத்தல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிப்போய், ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பயணத்தை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் கேளம்பாக்கம்–கோவளம் சாலைப் பக்கமே போக வேண்டாம்.

திரும்பி வந்த அன்று இரவு

அன்றிரவே நோட்டைத் திறந்து, எடுத்துப்போன கேள்விக்குக் கிடைத்த பதிலை ஐந்து வரியில் எழுதுங்கள். பதில் கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த பயணம் அங்கிருந்து தொடங்கும். எடுத்த படங்களில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பொருளின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதிவையுங்கள். பெயரில்லாத படம் ஆறு மாதத்தில் உங்களுக்கே என்னவென்று தெரியாது.

இன்னொரு வேலை, வாசலில் இருக்கும்போதே செய்ய வேண்டியது. வெளியே வரும் முன் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பொருள் பிடித்தது, எந்த விளக்கப் பலகையில் தமிழ் இல்லை, எந்த விளக்கு எரியவில்லை, யார் உங்களுக்கு நன்றாக விளக்கிச் சொன்னார் என்று எழுதுங்கள். சிறிய இடங்களில் அந்தப் பதிவேட்டைப் பொறுப்பாளர் படிப்பார். தமிழில் எழுதுங்கள், நாளையும் உங்கள் ஊரையும் குறிப்பிடுங்கள்.